இருபத்து நான்கு தொட்டிகள்

(நம் குடியிருப்பின் சுதந்திர தின விழாவில், மாடித்தோட்டக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)



மிட்டாய் வாங்கிய கையோடு குழந்தைகள் ஓட்டப் பந்தயத்துக்குக் காத்திருக்கிறார்கள். செயலாளர் எனக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நான் மைக்கைப் பிடித்தால் மொட்டை மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பிப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். பயப்படாதீர்கள், இன்று புகார் எதுவும் இல்லை. ஒரு கடன் பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

என் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போன வருடம் இதே நாளில் அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார்.

2024 ஜூலையில் ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வந்தது, நிற்கவே இல்லை. காலில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது. எங்கேயும் இடித்துக்கொண்டதாக அவருக்கு நினைவில்லை. இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் பதினோராயிரம் என்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது. முதலில் டெங்கு என்றுதான் நினைத்தோம். இரண்டு நாளில் தெரிந்துவிட்டது, ஏ.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "இதுக்கு நல்ல மருந்து இருக்கு சார். வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ஒரு மாத்திரை, கூடவே ஆர்செனிக் ஊசி. ஆனா முதல் மூணு வாரம்தான் கண்டம். எங்க வேணா இரத்தக் கசிவு வரலாம். அதைத் தாண்டிட்டா பெரும்பாலானவங்க பிழைச்சிடறாங்க."

ஆர்செனிக் என்றால் பாஷாணம். நான் பூச்சிக்குக்கூட அதை அடித்ததில்லை. அதை என் மனைவியின் நரம்பில் ஏற்றுவதற்குக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்து டாக்டர் கேட்டார்: "வீட்டில செடி இருக்கா?"

மாடியில் நாற்பது, பால்கனியில் இருபத்து நான்கு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். மண்ணிலும் உரத்திலும் பூஞ்சை இருக்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாது. வெள்ளை அணுக்கள் இறங்கிக் கிடப்பவருக்கு அதுவே நுரையீரலில் போய் உட்காரும். ஆகவே அவர் வீடு திரும்பும்போது பால்கனியில் ஒரு தொட்டிகூட இருக்கக்கூடாது. சிகிச்சை முடியும்வரை நானும் மண்ணைத் தொட்டுவிட்டு அவர் பக்கத்தில் போகக்கூடாது.

எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு அதுதான். "செடிகிட்ட பேசற நேரத்தில பாதி என்கிட்ட பேசலாம்" என்று என் மனைவி சொல்வார். அந்த இருபத்து நான்கில் அவருடையது ஒன்றே ஒன்று, மன்னார்குடியில் அவர் அம்மா வீட்டுக் கிணற்றடியிலிருந்து பதியன் போட்டுக் கொண்டுவந்த ஜாதிமல்லி.

இங்கே எங்கள் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்து மூன்று பேர் இருக்கிறோம். ஒருவரை ஒருவர் செடிப் பெயரால்தான் கூப்பிடுவோம். சி பிளாக் ரோஜா சார், டி பிளாக் சுண்டைக்காய் மாமி, ஏ பிளாக் வெண்டைக்காய்த் தம்பி. நான் தக்காளி சார். ஏழு வருடமாக மாவுப்பூச்சி பற்றியும் தேங்காய் நார்க்கழிவு பற்றியும் பேசியிருக்கிறோம். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன கஷ்டம் என்று பேசியதே இல்லை. பாதிப் பேரின் நிஜப் பெயர்கூட எனக்குத் தெரியாது.

செய்தி பரவியதும் நிறையப் பேர் போன் செய்தார்கள். "எது வேணும்னாலும் தயங்காம சொல்லுங்க" என்றார்கள். எல்லோரும் மனசாரத்தான் சொன்னார்கள். நான் ஒருவரைக்கூடத் திரும்பக் கூப்பிடவில்லை. என்ன வேண்டும் என்று யோசிக்கும் மூளையே அப்போது எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். முப்பத்தைந்து வருடம் உத்தியோகம் பார்த்துவிட்டு யாரிடமும் கை நீட்டாமல் இருந்தேன் என்ற வீம்பு.

சுண்டைக்காய் மாமி போன் செய்தார். நலம் விசாரிக்கவே இல்லை. "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க பால்கனியைக் காலி பண்ண வரோம். சாவியை செக்யூரிட்டிகிட்ட கொடுத்துடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த நாள் ஒன்பது பேர் வந்தார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் எண் எழுதி ஒட்டி, எது யார் வீட்டுக்குப் போகிறது என்று ஒரு நோட்டில் குறித்தார்கள். பிறகு பால்கனியைக் கழுவி, கிரில்லைத் துடைத்து, கதவிடுக்கில் இருந்த மண்ணைக்கூடக் குச்சியால் நோண்டி எடுத்திருக்கிறார்கள். மாடியில் இருந்த நாற்பதுக்கும் யார் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்று முறை போட்டார்கள். நான் வந்து பார்த்தபோது பால்கனி, நாங்கள் குடிவந்த நாளில் இருந்த மாதிரி வெறுமையாக இருந்தது. அங்கே நின்றுதான் முதன்முதலாக அழுதேன்.

அந்த மூன்று வாரத்தில் என் மனைவிக்குப் பதினான்கு முறை எஸ்.டி.பி. பிளேட்லெட் ஏற்றினார்கள். இது பலருக்குத் தெரியாத விஷயம், அதனால் சொல்கிறேன். கொடையாளியின் கையிலிருந்து இரத்தம் இயந்திரத்துக்குப் போகும். அது பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை அவருக்கே திருப்பி அனுப்பும். ஒன்றரை மணி நேரம்வரை ஆகும். சாதாரண முறையில் ஐந்தாறு பேர் இரத்தத்திலிருந்து கிடைப்பதை ஒருவரே கொடுத்துவிடலாம். ஆனால் எடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் மறுபடி மறுபடி புது ஆள் தேடவேண்டும்.

ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு, காலையில் ஒரு பி பாசிட்டிவ் கொடையாளி வேண்டும் என்றார்கள். நான் கனடாவில் இருக்கும் மகளுக்கு மட்டும் சொன்னேன். அவள் வெண்டைக்காய்த் தம்பிக்குச் சொல்லியிருக்கிறாள். காலை ஏழு மணிக்கு இரத்த வங்கி வாசலில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கீரை சார்.

கீரை சாருக்கும் எனக்கும் எட்டு மாதமாகப் பேச்சு கிடையாது. என் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அதிகமாகிக் கடை மருந்து அடித்தேன். காற்றில் அது அவர் கீரைப் பாத்தி மேல் போய்விட்டது. அவர் குழுவில் நாலு வார்த்தை எழுத, நான் எட்டு வார்த்தை எழுதினேன். தப்பு என்னுடையதுதான். அதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

அவர் எழுந்து, "ராத்திரி நல்லா தூங்கினேன், இட்லி சாப்பிட்டேன், மூணு நாளா ஆஸ்பிரின் எதுவும் போடலை. எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார். நான் அந்தப் பழைய விஷயத்தை ஆரம்பித்தேன். "அதை அப்புறம் சண்டை போட்டுக்கலாம் சார், இப்ப ஃபாரம் எங்க?" என்றார். பத்து நாள் கழித்து இன்னொரு முறையும் வந்து கொடுத்தார். எங்கள் குழுவும் அவர்கள் அழைத்துவந்தவர்களுமாக அந்தப் பதினான்கில் ஒன்பதைக் கொடுத்தார்கள்.

எல்லா உதவியும் சரியாக அமைந்துவிடவில்லை. மாமி ஒரு நாள் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார். பச்சையாக எதுவும் தரக்கூடாது, கிருமித் தொற்று வந்துவிடும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். மாமி கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ என்ன தரலாம்னு கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். நன்றாக வெந்தது, சூடாக இருக்கும்போதே சாப்பிடுவது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து குழைந்த சாதமும் பருப்பும் கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் கேரியரில் வந்தன. என் மகள் மூன்று வார லீவில் வந்து, திரும்பிப் போகும்போது மாமியின் போன் நம்பரைத்தான் முதலில் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்றார்கள். ஆனால் அது திரும்பி வராமல் இருக்க, அக்டோபரிலிருந்து மறுபடி ஆர்செனிக். வாரத்தில் ஐந்து நாள், நான்கு வாரம். பிறகு நான்கு வாரம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று, மொத்தம் எண்பது நாள். காலையில் போய், இ.சி.ஜி. பார்த்து, இரண்டு மணி நேரம் டிரிப் ஏற்றிக்கொண்டு திரும்பவேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தண்ணீர் ஊற்ற முறை போட்ட அதே நோட்டில் காருக்கும் முறை போட்டார்கள்.

அக்டோபர் 15 உங்களுக்கு நினைவிருக்கும். மழைக்குப் பயந்து நம்மில் பலர் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திய சமயம். அன்று முறைக்காரர் ரோஜா சார். அவர் காரும் பாலத்தில்தான். அவர் விடியற்காலையிலேயே முழங்கால் தண்ணீரில் பாலம்வரை நடந்துபோய்க் காரை எடுத்து, சுற்றுவழியில் வந்து சேர்ந்தார். "ஒரு நாள் விட்டா என்ன ஆகுமோன்னு தெரியலை சார், அதான்" என்றார்.

அதே ரோஜா சார் டிசம்பரில் ஒரு நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஃபெஞ்சல் புயல் மழையில் பதினேழாம் எண் தொட்டியில் தண்ணீர் நின்று, வேர் அழுகி, செடி போய்விட்டது. அதுதான் ஜாதிமல்லி. என் மனைவி "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நெடுநேரம் அழுதார். ஊசிக்கும் ஐ.சி.யு.வுக்கும் அழாதவர்.

நாலு வருடம் முன்பு அந்த ஜாதிமல்லியில் ஒரு பதியன் எடுத்து, தாம்பரம் பக்கம் வீடு மாறிப்போன ஓர் அம்மாவுக்கு நான் கொடுத்திருக்கிறேன். நானே மறந்துவிட்டேன். வெண்டைக்காய்த் தம்பிக்கு நினைவிருந்தது. ஏப்ரலில் சிகிச்சை முடிந்தது. ஜூன் மாதம் மண்ணைத் தொடலாம் என்று டாக்டர் சொன்ன வாரத்தில், அந்த அம்மா தாம்பரத்திலிருந்து ஒரு சின்னத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு: நல்ல செடி கிடைத்தால் முதலில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட வேண்டும். நம் வீட்டில் போனாலும் வேறு வீட்டில் இருக்கும் என்பதற்காக. அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பத்து நிமிடம் தாண்டிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மூன்று வேண்டுகோள், முடித்துவிடுகிறேன்.

ஒன்று. நம் சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். இரத்தப் பிரிவு, போன் நம்பர், பிளேட்லெட் கொடுக்கச் சம்மதமா என்ற விவரம். பதினெட்டிலிருந்து அறுபது வயதுக்குள், ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள் முன்வாருங்கள். மற்ற தகுதிகளை இரத்த வங்கியிலேயே பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். இரவு ஒன்பதரைக்கு ஒரு மனுஷன் போனை வைத்துக்கொண்டு விழிக்கக்கூடாது.

இரண்டு. யார் வீட்டிலாவது கஷ்டம் என்றால் "எது வேணும்னாலும் சொல்லுங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வேலை, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று நீங்களே சொல்லுங்கள். பால் பாக்கெட் வாங்கி வைப்பதாக இருந்தாலும் சரி.

மூன்று. இது என்னைப் போன்றவர்களுக்கு. யாராவது அப்படிச் சொன்னால் வீம்பு பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. இதுவரை நல்லபடியாக இருக்கிறது. சாயங்காலத்தில் என் மனைவி கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு மாடிக்கு வருகிறார். கீரை சாரும் நானும் வேப்பெண்ணெய்க் கரைசலில் எவ்வளவு சோப்பு கலப்பது என்பது பற்றி மறுபடி சண்டையை ஆரம்பித்துவிட்டோம். பேசிக்கொண்டேதான் சண்டை போடுகிறோம்.