மாதவிடாய்க் கிண்ணம்

முற்றத்துக் கொடியிலே வீட்டார் எல்லோருடைய உடுபுடைவைகளும் வெயிலிற் காயும். ஒரு துணி மட்டும் அங்கே தொங்குவதில்லை. அது குளியலறை மூலையிலே, வேறொரு துணிக்கு அடியிலே, ஈரம் முற்றும் உலராமற் கிடந்து, மறுமாதம் மீண்டும் எடுக்கப்படும். குற்றம் துணியின்மேல் இல்லை. நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணி இன்றும் நம்பத்தக்கதே. 'தொடக்கு' என்ற ஒரு சொல்லன்றோ அந்தத் துணிக்கு வெயிலையும் இல்லாமற் செய்தது!

கடைகளில் அணையாடை வந்ததோடு இத்தொல்லை நீங்கிற்றென்று பலர் எண்ணினர். ஆனால் அதற்கு மாதந்தோறும் காசு வேண்டும். கழித்ததை எறிய இடமும் வேண்டும். இலங்கையிலே இறக்குமதி அணையாடைகள்மீது விதிக்கப்பட்டிருந்த வரிகளின் கூட்டு 2018ஆம் ஆண்டிலே நூற்றுக்கு நூறையும் தாண்டி நின்றது. அவ்வாண்டிலேயே அது ஓரளவு குறைக்கப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது விலை மறுபடியும் ஏற, வீட்டுச் செலவிலே முதலில் வெட்டப்பட்டவற்றுள் இதுவும் ஒன்றாயிற்று. வெட்டியவள் பெரும்பாலும் தாயே. அதனை அவள் எவரிடமும் சொல்லியிருக்கவும் மாட்டாள்.

துணிக்கும் அணையாடைக்கும் மாற்றாக இன்று பேசப்படுவது மாதவிடாய்க் கிண்ணம். சிறு மணியொன்றைத் தலைகீழாகப் பிடித்தாற்போன்றது அதன் உருவம். வாய் மேலே, காம்பு கீழே. பெரும்பாலும் மருத்துவத் தரமுள்ள சிலிக்கோனாற் செய்யப்படுவது. விரல்களால் மடிக்கத்தக்க மென்மையுடையது. துணியும் பஞ்சும் உதிரத்தை உறிஞ்சும். கிண்ணமோ யோனியினுள்ளே விரிந்து நின்று அதனை ஏந்திக்கொள்ளும். சேர்ந்ததை ஊற்றிக் கழுவி மீண்டும் வைத்துக்கொள்ளலாம். பழுதின்றிப் பேணப்படின் ஒரு கிண்ணம் பத்து ஆண்டுகள்வரைகூட உழைக்கும்.

இது நேற்றுத் தோன்றிய புதுமை அன்று. 1937ஆம் ஆண்டிலே லியோனா சாமர்ஸ் என்னும் அமெரிக்க நடிகை றப்பர்க் கிண்ணமொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அதன் வரலாற்றிலே இலங்கைக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1942இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் கைப்பட்டபோது, நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை றப்பரின் பெரும்பங்கு இலங்கைத் தோட்டங்களிலிருந்தே செல்லவேண்டியதாயிற்று. மரம் பட்டாலும் படுக என்று பால் வெட்டப்பட்ட காலம் அது. அந்த றப்பரெல்லாம் போருக்குப் போயிற்று. பெண்களின் கிண்ணத்துக்கு மிஞ்சவில்லை. போரின்பின் மீண்டும் வந்த கிண்ணமும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. தன் உடலைத் தானே தொடவும், உதிரத்தைக் கண்ணாற் கண்டு கழுவவும் அக்காலத்துப் பெண்கள் கூசினர். மாதம்தோறும் விலைபோகும் பண்டத்தை விற்கும் வணிகனுக்கும், ஒருமுறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பண்டத்திலே அக்கறை பிறக்க நியாயமில்லை. 1987இல் அமெரிக்காவிலே றப்பர்க் கிண்ணம் மறுபடி விற்பனைக்கு வந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே சிலிக்கோன் வந்தபின்னரே, றப்பர் ஒவ்வாதவர்க்கும் ஏற்றதாகி, அது நாடுதோறும் பரவலாயிற்று.

2019ஆம் ஆண்டிலே 'லான்செற்' குழுமத்தின் பொதுச் சுகாதார ஏடு, 3,319 பேர் பங்குகொண்ட 43 ஆய்வுகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டது. கசிவைப் பொறுத்தவரை கிண்ணம் மற்றவற்றுக்கு நிகரானது அல்லது மேலானது என்பது அதன் முடிபு. பயன்படுத்திப் பார்த்தோருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் தொடர விரும்பினர். ஆயினும் பழகுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டுள்ளது. மேற்குக் கெனியாவின் கிராமப் பாடசாலைச் சிறுமியரிடையேயும் முதல் மாதங்களிலே சிலரே துணிந்தனர். காலம் செல்லச்செல்லப் பலர் பழகிக்கொண்டனர். முதல் மாதத்திலே நோவும் கசிவும் கண்டு, "இது எனக்கு ஆகாது" என்று அலுமாரிக்குள் எறிந்துவிடுகிறவள் இழப்பது பணத்தை மட்டுமன்று. ஆதலின் முதன்முறை வீட்டில் நிற்கும் ஓய்வுநாளிலே முயல்வதும், மூன்று மாதமாவது கூடவே ஒரு துணியை அணிந்துகொள்வதும் நன்று.

தெரிவு செய்வதிலே பெரும்பாலோர் விலையையும் நிறத்தையும் பார்ப்பர். பார்க்கவேண்டியது அளவும் இறுக்கமும். இளம்பெண்களுக்கும் மகப்பேறு காணாதோர்க்கும் சிறியதும், பிள்ளை பெற்றோர்க்குப் பெரியதும் என்பது தயாரிப்போர் கூறும் பொது விதி. அதனினும் நுட்பமான அளவுகோல் கருப்பைக் கழுத்தின் நிலையே. மாதவிடாய் நாளொன்றிலே கையைக் கழுவி, ஒரு விரலால் உள்ளே தொட்டறியலாம். விரலின் முதற்கணுவிலேயே அது தட்டுப்படின் குட்டையான கிண்ணமே பொருந்தும். மிக இறுகியது மூத்திரப்பையை அழுத்தும். மிக மெலிந்தது உள்ளே முழுதும் விரியாது. "இவ்வளவு சிறியதொன்று போதுமா?" என்று பலர் ஐயுறுவர். ஒரு மாதவிடாயில் வெளியேறும் உதிரம் பொதுவாக 30 முதல் 40 மில்லிலீற்றரே; கிண்ணமொன்று ஏறக்குறைய 20 முதல் 30 மில்லிலீற்றர் கொள்ளும். மாதந்தோறும் இரண்டு மணிக்கொருமுறை கிண்ணம் நிரம்பி வழியுமாயின், அவள் தேடவேண்டியது பெரிய கிண்ணத்தையன்று, வைத்தியரை.

வைக்கும் முறை எளிது. பதற்றமே அதனைக் கடினமாக்குவது. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கிண்ணத்தை நீரில் நனைத்து, வாய்விளிம்பை இரண்டாக மடித்து, குந்தியிருந்தபடி, முதுகின் அடிப்பக்கம் நோக்கிச் செலுத்தவேண்டும். உள்ளே சென்றதும் அது விரிந்துகொள்ளும். அடிப்பகுதியைச் சுற்றி விரலால் தடவினால் மடிப்பு எஞ்சியுள்ளதா என்பது தெரியும். எடுக்கும்போது காம்பைப் பற்றி வெடுக்கென்று இழுத்தல் ஆகாது. அடிப்பகுதியை விரல்களால் அமுக்கிக் காற்றுப் பிடிப்பை நீக்கியபின்னரே மெல்லக் கீழிறக்கவேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடலாகாது. உதிரப் போக்கு மிகுந்த நாட்களில் அதற்கு முன்பே ஊற்றவேண்டும். ஒவ்வொரு மாதவிடாய்க்கும் இடையிலே, இதற்கென ஒதுக்கிய பாத்திரத்தில் கிண்ணம் முழுதும் அமிழ நீர்விட்டு, ஐந்து நிமிடமளவு கொதிக்கவிடுதல் வேண்டும். நீர் வற்றினால் கிண்ணம் கெடும். அடுப்பை விட்டு அகலாதிருப்பதே உத்தமம். பின்னர் உலர்த்திப் பருத்திப் பையில் வைக்கலாம். காற்றுப் புகாத டப்பா ஏற்றதன்று.

அச்சங்களுள் சில வீண், சில மெய். கிண்ணம் வயிற்றுக்குள் ஏறிவிடும் என்பது வீண். வழியின் முடிவிலே கருப்பைக் கழுத்து நிற்கிறது. அதனைக் கடந்து செல்ல அதற்கு இடமில்லை. கன்னிமை கெடும் என்பது தாய்மாரை மிக வருத்தும் அச்சம். கன்னிச்சவ்வு பலருக்குப் பலவிதமாக அமைந்த, நெகிழும் இயல்புள்ள சவ்வு. அதைக்கொண்டு ஒருத்தியின் ஒழுக்கத்தை அளக்க மருத்துவத்தில் ஆதாரமில்லையென்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐக்கிய நாடுகளின் பிற அமைப்புகளோடு சேர்ந்து அறிவித்தது. எனினும் விரும்பாத மகளை வற்புறுத்துதல் தகாது, உடல் அவளுடையது.

மெய்யான அச்சங்களைக் கருதவேண்டும். கருத்தடைக்காக லூப் அணிந்த பெண், கிண்ணத்தை எடுக்கும்போது அதுவும் கூடவே இடம்பெயரக்கூடும். மேற்சொன்ன ஆராய்ச்சியிலே அவ்வாறு நேர்ந்தோர் பதின்மூவர். அத்தகையோர் முன்னதாகவே வைத்தியரிடம் கேட்டறிதல் கட்டாயம். நச்சு அதிர்ச்சி நோய் என்பது அரிது. ஐந்து பேருக்கே நேர்ந்ததாக அதே கட்டுரை கணக்கிட்டது. ஆயினும் மாதவிடாயின்போது திடீரெனக் கடுங்காய்ச்சல், வாந்தி, தலைச்சுற்று, வெயில் சுட்டாற்போன்ற செந்தடிப்பு என்பன கண்டால், கிண்ணத்தை அகற்றிவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். பிள்ளை பெற்றவள் வைத்தியரின் அனுமதி கிடைக்குமளவும் பொறுத்தல் வேண்டும்.

கேரளத்தின் ஆலப்புழையிலே 2019இல் ஐயாயிரம் கிண்ணங்கள் இலவசமாக வழங்கப்பட்டன. கொச்சிக்கு அண்மையில் காயல் சூழ்ந்த கும்பளங்கி என்னும் ஊர் 2022 சனவரியிலே அணையாடையற்ற கிராமமென அறிவிக்கப்பட்டது. ஓர் ஊரிலே ஒவ்வொரு பெண்ணும் கிண்ணத்துக்கே மாறினாளா என்று வினவலாம். ஆனால் கிண்ணத்தைக் கையிற் கொடுத்ததோடு அமையாது, அணியும் முறையும் கற்பிக்கப்பட்டது என்பதே அங்கு கவனிக்கத்தக்கது.

இலங்கையின் மலைநாட்டிலே காலையில் லயத்தைவிட்டுக் கொழுந்து கொய்யப் போகும் பெண்ணுக்கு, மலையிலே மலசலகூடம் எங்கே? அணையாடையை மாற்ற ஒரு மறைவும், எறிய ஓர் இடமும் தேடி அவள் படும் பாடு அவளுக்கே தெரியும். காலையில் அணிந்து மாலையில் வீட்டிலே ஊற்றத்தக்க பொருள் அவளுக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் மாலையிலே பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாயடியிலே நின்று அவள் அதனைக் கழுவமுடியாது. கதவடைக்கத்தக்க ஓர் அறையும், உள்ளே ஒரு வாளி நல்ல நீரும் வேண்டும், அடுப்பிலே அந்தச் சிறு பாத்திரம் ஐந்து நிமிடம் கொதிக்கும்போது, "அது என்ன?" என்று முகஞ்சுளிக்காத வீட்டாரும் வேண்டும். கிண்ணம் வாங்க ஒருமுறை செலவு செய்தாற் போதும். மற்றவை தோட்டத்தாரும் வீட்டாரும் சேர்ந்து கொடுக்கவேண்டியவை.