சிறு சொல்லும் பெரு நியாயமும்
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



இடைச்சொல் என்றதும் பரீட்சைதான் எமக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஒருவர் கூறும் நியாயம் சரியா பிழையா என்று பார்க்கும்போது எமக்குக் கைகொடுப்பவை அவையே.

"இந்த மருந்தை எடுத்தவர்கள் எல்லோரும் குணமடையவில்லை" என்றொரு செய்தி கைத்தொலைபேசியில் வருகிறது. ஒருவர்கூடக் குணமடையவில்லையா? சிலர் மட்டும் குணமடையவில்லையா? இரண்டுக்கும் இடமுண்டு. முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் எனத் தொல்காப்பியமும் நன்னூலும் அன்றே சொல்லிவைத்தன. இதை அறிந்தவள் மருந்தை நிறுத்த முன்னர், "எத்தனை பேர் குணமடைந்தார்கள்?" என்று வைத்தியரிடம் கேட்பாள்.

அடுத்தது 'தான்'. "படித்தால் சித்தியடைவாய்" என்றால் படிப்பே போதும் என்று பொருள். "படித்தால்தான் சித்தியடைவாய்" என்றால் படிக்காமல் முடியாது என்று மட்டுமே பொருள். படித்தால் போதும் என்ற உறுதி அதில் இல்லை. "காசு கட்டினால்தான் விசா கிடைக்கும்" என்று முகவர் சொல்வதை, "காசு கட்டினால் விசா கிடைக்கும்" என்று விளங்கிக்கொண்டு காணியை ஈடு வைத்தால் நட்டம் யாருக்கு?

நியாயத்தை நிறுக்கும் கலை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அதனை விரிக்கிறது. மலையில் நெருப்புண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அதற்குக் காட்டும் திட்டாந்தமோ அடுக்களை! அறவண அடிகளிடம் இவற்றைக் கேட்டுக் கற்றவளும் ஓர் இளம்பெண்ணே.

மொழியறிவு ஒன்றே உண்மையைக் காட்டிவிடாது. மருந்தின் குணத்தை வைத்தியரும், காணி உறுதியின் நிலையைச் சட்டத்தரணியுமே சொல்லவேண்டும். ஆனால் அவர்களிடம் எதைக் கேட்கவேண்டும் என்பதை மொழி எமக்குக் காட்டும்.

ஆகவே சகோதரிகளே, நாம் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், எம் பிள்ளைகள் ஒரு முடிவைச் சொல்லும்போது, "அதற்கு ஏது என்ன?" என்று தமிழிலே கேட்போம். அவர்கள் எம்மைத் திருப்பிக் கேட்டால் மகிழ்வோம்.

எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க!