அக்னி ஏவுகணை யாருக்குச் சொந்தம்? | இளைஞரணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையிலிருந்து



2024 மார்ச் 11 அன்று அக்னி-5 பல வெடிமுனைகளோடு பறந்து காட்டியது. நாட்டுக்கே பெருமை, மறுக்கல. ஆனா எல்லாமே நேத்துதான் தொடங்கின மாதிரி பேசுறாங்க பாருங்க, அங்கதான் நாம கணக்கைச் சரியா எடுத்து வைக்கணும்.

1983. இந்திரா காந்தி பிரதமர். பாதுகாப்பு அமைச்சர் நம்ம பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஆர்.வெங்கட்ராமன். ஏவுகணைகளை ஒண்ணு ஒண்ணா செய்யுறோம்னு கலாமும் வி.எஸ்.அருணாச்சலமும் திட்டத்தோட போய் நிக்கிறாங்க. எதுக்கு ஒண்ணு ஒண்ணா, சேர்த்தே செய்யுங்கன்னு அனுப்பினார் அவர். பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக். ஒதுக்கியது 388 கோடி ரூபாய்.

1987இல் ஏழு பணக்கார நாடுகள் கூடி, ஏவுகணைத் தொழில்நுட்பத்தை மற்றவர்களுக்குத் தரமாட்டோம்னு கட்டுப்பாடு போட்டன. அடுத்த வருஷமே, 1988 பிப்ரவரி 25, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிருத்வி பறந்தது.

அக்னி கதை இன்னும் சுவாரஸ்யம். அதன் முதல் அடுக்கு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் திட எரிபொருள் மோட்டார். அந்த ராக்கெட் 1979 ஆகஸ்டில் முதல் முயற்சியிலேயே வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகைக்காரர்கள் முன்னாடி பழியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலையில் வெற்றி வந்தப்போ, கலாமைப் பேசச் சொல்லி அனுப்பினார். இப்படி ஒரு மேலதிகாரி நமக்கு வாய்ப்பாரா, சொல்லுங்க!

1989இல் அக்னி ஏவுதல் ஏப்ரல் 20 நின்றது, மே 1 திரும்பவும் நின்றது. கேலிச்சித்திரம் போட்டுச் சிரிச்சாங்க. மே 22 சண்டிப்பூரில் பறந்தது. அப்ப ராஜீவ் பிரதமர். 1992இல் தோல்வி. 1994இல் வெற்றி. அப்புறம் சில வருஷம் அப்படியே கிடந்தது. 1999இல் வாஜ்பாய் காலத்தில் அக்னி-2. 2006இல் அக்னி-3 கடலில் விழ, அடுத்த ஏப்ரலிலேயே ஜெயிச்சுது. 2012இல் 5,000 கிலோமீட்டர் தாண்டும் அக்னி-5, மன்மோகன் சிங் காலம். அந்தப் பணியில் முன்நின்றவர் ஆலப்புழையில் பிறந்த டெஸ்ஸி தாமஸ்.

இடையில் ஒன்று சொல்றேன். அக்னியின் முனை வளிமண்டலத்துக்குள்ள திரும்பும்போது எரிஞ்சு போகாம இருக்க கார்பன் கலப்புப் பொருள் செஞ்சாங்க. இந்த ஆய்வுல கிடைச்ச எடை குறைந்த பொருளை வச்சே, போலியோ பாதிச்ச பிள்ளைகளுக்குக் காலணைக் கருவி செஞ்சாங்க. கிலோ கணக்கில் இரும்பைக் கட்டிக்கிட்டு நடந்த குழந்தைக்கு, சில நூறு கிராமில்!

இந்தப் பட்டியல்ல எத்தனை பிரதமர், எத்தனை கட்சி, எண்ணிப் பாருங்க. எத்தனை தோல்வின்னும் எண்ணுங்க. ஒவ்வொரு தோல்விக்கும் திட்டத்தை இழுத்து மூடியிருந்தா இன்னைக்கு அக்னி-5 ஏது?

இப்ப நிலைமை என்ன? ஆராய்ச்சிக்கு நாம செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.7 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தென்கொரியா 4 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஏவுகணையோட படம் எடுத்துக்கிறவங்க இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும். நாடாளுமன்றத்தில் நம்ம உறுப்பினர்கள் கேட்கணும், வலைத்தளத்தில் நீங்க கேட்கணும். திட்டாதீங்க, தேதியோட கேளுங்க.

நேரமாயிடுச்சு, அடுத்து பேசுறவர் காத்திருக்கார்.