ஓட்டு ரகசியம் நியாயம். நோட்டு ரகசியம் யாருக்காக?

(ஆலை வாயில் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



தேர்தல் நாளன்று மறைப்புக்குப் பின்னால் நின்று ஓட்டளிக்கிறோம். யாருக்குப் போட்டோம் என்பதை மேஸ்திரியும் அறிய முடியாது. மிராசுதாரும் அறிய முடியாது. ஏன் இந்த ரகசியம்? வலியவன் எளியவனைப் பழிவாங்கக் கூடாது என்பதற்காக. இது நியாயமான ரகசியம்.

2018-ல் இன்னொரு ரகசியம் வந்தது. தேர்தல் பத்திரம் என்று அதற்குப் பெயர். ஸ்டேட் பாங்கில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை விற்றார்கள். வாங்கியவர் விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம். கட்சி 15 நாட்களுக்குள் பணமாக்கிக் கொள்ளலாம். கொடுத்தவர் பெயரை மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

அதற்கு முன்பு, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கம்பெனிகள் நன்கொடை தரக் கூடாது என்ற வரம்பு இருந்தது. 2017-லேயே அதை நீக்கி விட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கோடிகளை வழங்கலாம் என்றாயிற்று. நாம் போனஸ் கேட்டால் மட்டும் நஷ்டக் கணக்கை நீட்டுகிறார்கள்!

கறுப்புப் பணத்தை ஒழிக்கவும், கொடுத்தவரை மற்றக் கட்சிகள் பழிவாங்காமல் காக்கவுமே இந்த ரகசியம் என்று சர்க்கார் வாதாடியது. நாம் கேட்கிறோம்: பாங்கு யாருடையது? சர்க்காருடையது. வாங்கியவர் விவரம் பாங்கிடம் இருந்தது. ஆகவே ஆளுவோர் அறிய வழியுண்டு. ஓட்டுப் போடுகிறவனுக்கு மட்டும் இருட்டு. எளியவனைக் காக்கப் பிறந்த ரகசியம் வலியவனுக்குக் குடை பிடித்தது.

2024 பிப்ரவரி 15 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இத்திட்டத்தை ரத்துச் செய்தனர். வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை இது மீறுகிறது என்றனர். கம்பெனி வரம்பை நீக்கியதும் செல்லாது என்றனர். விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது பாங்கு. கோர்ட் மறுத்து, மறுநாளே தரச் சொன்னது. மார்ச் 14 அன்று தேர்தல் கமிஷன் பட்டியலை வெளியிட்டது. விற்ற பத்திரங்களின் மொத்த மதிப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல்!

இத்தோடு பணத்தின் ஆட்சி முடிந்ததா? இல்லை. வேட்பாளரின் செலவுக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. கட்சியின் செலவுக்கு வரம்பு இல்லை. கதவைச் சாத்தினார்கள், ஜன்னல் திறந்தே கிடக்கிறது.

தோழர்களே! நம் சங்கத்தில் சந்தா கொடுத்தால் ரசீது கேட்கிறோம். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்காவிட்டால் எழுந்து நின்று சத்தம் போடுகிறோம். சங்கத்துக்கு ஒரு நியாயம், நாட்டுக்கு வேறு நியாயமா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்வோம். தேர்தலுக்கு முந்தின இரவு வீட்டுக்கு வரும் நோட்டை நாமே வாங்கிக் கொண்டால், மறுநாள் கணக்குக் கேட்க நமக்கு வாய் ஏது? அந்த நோட்டு யார் பையிலிருந்து வந்தது? நம் கூலியில் பிடித்ததாகவும் இருக்கலாம்.

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராயினும், நமக்கு வேண்டியவரேயாயினும், முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “உங்களுக்குப் பணம் கொடுத்தது யார்?” ஆலை வாயிலிலும் களத்து மேட்டிலும் பகிரங்கமாகக் கேட்போம். பதில் வரும்வரை கேட்போம்!