ஒட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம்

தடித்த தாள் ஒன்று. அதன்மேல் ஒரு புகைப்படம். அதன் ஓரத்திலே சிறு ரிப்பன் துண்டு. அருகே பழைய புகைவண்டிச் சீட்டொன்று. கீழே நான்கு வரி கையெழுத்து. ஆங்கிலம் பேசும் நாடுகளிலே ஸ்கிராப் புத்தகம் என்று வழங்குவதும், தமிழிலே ஒட்டுப் புத்தகம் என்று கூறத்தக்கதுமான ஏட்டின் பக்கம் ஒன்று பெரும்பாலும் இவ்வளவில் அடங்கிவிடும். பார்வைக்கு இது பிள்ளைகளின் பொழுதுபோக்குப் போலத் தோன்றலாம். ஆயினும் இவ்வேட்டைச் செய்வோர் விடை காணவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. ஒட்டிய பொருள் ஐம்பது ஆண்டு கழித்தும் நிலைத்திருக்குமா? நிலைத்திருந்தால், படத்திலுள்ளவர் யார், இடம் எது, காலம் எது என்பது அன்று அதனை எடுத்துப் பார்ப்பவருக்கு விளங்குமா?

ஒட்டிச் சேர்க்கும் ஆசை மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டிலே ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிற் பயின்ற மாணவர்கள், ஆசிரியரிடத்தும் தோழரிடத்தும் கையொப்பமும் வாழ்த்தும் பெற்றுத் திரட்டிய நட்பேடுகளை இதன் முன்னோடிகள் எனலாம். 1769ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்னும் ஆங்கிலப் பாதிரியார், இங்கிலாந்தின் பெருமக்கள் வரலாற்றை அவர்தம் உருவப்படங்களின் பட்டியலோடு இணைத்து ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூலை வாங்கியவர்கள், பட்டியலிற் கண்ட படங்களைத் தேடிப்பிடித்துத் தத்தம் பிரதியின் இடையிடையே வைத்துக் கட்டத் தொடங்கினார்கள். படம் தனியே கிடைக்காதபோது வேறு நூல்களிலிருந்து வெட்டியெடுத்தார்கள். ஒரு புத்தகம் கொழுக்க ஒன்பது புத்தகம் மெலிந்தது. இவ்வாறு நூல்களைச் சிதைத்துப் படம் சேர்ப்பதற்கு ஆங்கிலத்திலே பாதிரியாரின் பெயரே ஒரு வினைச்சொல்லாயிற்று. வெட்டியவர் பிறர், பெயர் மாத்திரம் அவருடையது.

வண்ணக் கல்லச்சு முறை 1837இற்குப் பின்னர் வளர்ந்தபோது ஒட்டுவதற்கென்றே படங்கள் அச்சாகி வந்தன. மலர், தேவதூதர், சிப்பாய், பூனைக்குட்டி என்றெல்லாம் புடைத்த உருவங்கள் ஜெர்மனியிலே அச்சிடப்பட்டு, ஓரங்கள் வெட்டப்பட்டு, ஒன்றோடொன்று மெல்லிய தாள் நரம்புகளால் இணைந்த தாள்களாக விற்பனைக்கு வந்தன. விக்டோரியா மகாராணியார் காலத்து ஆங்கில இல்லங்களிலே இவற்றை ஏட்டில் ஒட்டுவது மாலைநேரப் பொழுதுபோக்காக இருந்தது. இன்று கடைகளில் விற்கும் ஒட்டுப் படங்களுக்கெல்லாம் மூதாதை இவையே. அக்காலத்து ஏடுகள் பல இன்றும் நூதனசாலைகளில் உள்ளன. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் அவற்றைப் புரட்டுபவர், செய்தவரைப்பற்றி அறிந்துகொள்வது மிகச் சொற்பம். வாங்கிய பூவை ஒட்டியவர் தம்மைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் இவ்வேட்டிலே பெரும் ஈடுபாடு கொண்டவர். பசைக் கிண்ணமும் தூரிகையும் கொண்டு அல்லற்படுவதைத் தவிர்க்க, பக்கங்களிலே முன்கூட்டியே பசைக் கோடுகள் பூசப்பட்ட ஏடொன்றை அவர் அமைத்து, 1873இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கோட்டைத் தண்ணீரால் நனைத்து, துண்டை வைத்து அழுத்தினாற் போதும். அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றிலே நல்ல வருவாய் தந்தது இதுவே. எழுத்தில்லாத புத்தகத்தையும் விற்றுக் காட்டிய எழுத்தாளர் அவர்.

இவையெல்லாம் பொழுதுபோக்கின் வரலாறு. ஒட்டுப் புத்தகத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. பிலடெல்பியா நகரில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி டோர்சி என்ற கறுப்பின அமெரிக்கர் 1837இற் பிறந்து 1923இற் காலமானவர், ஓவியமும் அறிந்தவர். அவர் பத்திரிகைகளிலிருந்து தம் இனத்தார் பற்றிய செய்திகளைக் கத்தரித்து ஏறக்குறைய 400 ஒட்டுப் புத்தகங்களை உருவாக்கினார். அந்நாளில் கறுப்பின மக்களின் வாழ்வை முறையாகத் தொகுத்துப் பாதுகாக்க நூலகங்களோ வரலாற்றாசிரியர்களோ பெரிதும் அக்கறை காட்டியதில்லை. பெரும் பத்திரிகைகளோ அவர்களைக் குற்றச் செய்திகளிலும் கேலிகளிலுமே மிகுதியாகக் காட்டின. இச்சூழலில் ஒரு திருமணம், ஒரு வணிகரின் மரணம், ஒரு பாடசாலை விழா, ஓர் அநீதி என்று சிதறிக் கிடந்த துண்டுகளை ஒருவர் ஓரிடத்திலே சேர்த்தபோது, தனித்தனிச் செய்தியாகக் கிடந்தது ஒரு சமூகத்தின் சரித்திரமாயிற்று. பத்திரிகை எழுதியவன் என்ன எண்ணத்தோடு எழுதினானோ, அச்செய்தியை எதன் அருகில் ஒட்டுவது என்பதைத் தீர்மானித்தவர் டோர்சி. அதனாற் பொருளும் மாறிற்று. அவருடைய ஏடுகள் பிற்காலத்திலே செய்னி பல்கலைக்கழகத்தில் இடம்பெற்று, ஆராய்ச்சியாளருக்கு அரிய மூலங்களாயின. கத்தரிக்கோலும் பசையும் வாய்த்தவர்க்கு அச்சுக்கூடம் வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் டோர்சி ஒட்டியது பத்திரிகைத் தாள். இங்கேதான் இக்கலையின் பெருங்கவலை தொடங்குகிறது. பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்த கூழினாற் செய்யப்படுவது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டதும் மஞ்சளாகி, அமிலத்தை வெளிவிடும். அத்துடன் 1807இல் மோரிட்ஸ் இல்லிக் என்பவர் வெளியிட்ட முறைப்படி, மை ஊறாதிருக்கும் பொருட்டுத் தாளிலே படிகாரமும் குங்கிலிய வகைப் பிசினும் சேர்க்கப்பட்டு வந்தன. படிகாரமும் நாளடைவில் அமிலத்தையே விளைவிக்கும். இதன் பயனாக, கந்தைத் துணியிலிருந்து செய்த 15ஆம் நூற்றாண்டுத் தாள் வெண்மையாய் இருக்க, 20ஆம் நூற்றாண்டுத் தாள் விரல் பட்டதும் நொறுங்குகின்றது. வேர்ஜீனியாவைச் சேர்ந்த வில்லியம் பாரோ 1950களிலே, 1900 முதல் 1949 வரை வெளிவந்த 500 நூல்களின் தாளைச் சோதித்து, அவற்றிற் பெரும்பாலானவை ஐம்பது ஆண்டுக்குமேல் பயன்படா என்று காட்டியபோது நூலகத்தார் திடுக்கிட்டனர். அமிலம் இருந்த இடத்தில் இராது. அருகிலுள்ள தாளுக்கும் படத்துக்கும் பரவும். அன்போடு ஒட்டிய செய்தித் துண்டே பக்கத்திலிருந்த தாயின் படத்தைக் கறைப்படுத்திவிடும்.

1970களிலும் 80களிலும் இதனினும் கொடியதொன்று வீடுதோறும் புகுந்தது. அட்டைமேல் பசைக் கோடுகளும் அவற்றின்மேல் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ‘காந்த’ அல்பங்களே அவை. பெயரிற் காந்தம் உண்டேயொழிய உள்ளே காந்தம் கிடையாது. அப்பசை ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிப் படத்தை விடாது பற்றிக்கொள்ளும். மஞ்சட் கோடுகளும் படத்தில் ஏறும். அத்தகைய அல்பத்திற் சிக்கிய படங்களைப் பிடுங்குதல் ஆகாது. பல்லிடுக்கைத் துப்புரவாக்கும் மெல்லிய நூலைப் படத்தின் அடியிலே செலுத்தி, வாள் அறுப்பதுபோல் மெதுவாக இழுத்துப் பிரிப்பது வழக்கம். அதற்கு முன்பாக ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படம்பிடித்து வைத்தல் நலம்.

இன்றைய ஒட்டுப் பக்கக் கலை இக்கவலையினின்றும் பிறந்ததென்றே கூறலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மேரிலின் கிறிஸ்டென்சன் என்ற அம்மையார், தம் குடும்ப நினைவேடுகளை ஐம்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அமைத்து, 1980இல் சோல்ட் லேக் நகரிலே நடைபெற்ற உலக ஆவண மாநாட்டிற் காட்சிக்கு வைத்தார். கண்டவர்கள் இதனை எப்படிச் செய்வது, தாளை எங்கே வாங்குவது என்று கேட்டனர். அங்கிருந்து ஒரு பெரும் வாணிபமே வளர்ந்தது. 12 அங்குலச் சதுரத் தாள் இன்று அதன் பொது அளவாக நிலைத்திருப்பதும், ‘அமிலமற்றது’ என்ற சொல் தாட் கட்டின்மேல் அச்சாவதும் அதன் விளைவுகள். வாங்குபவர் அச்சொல்லோடு ‘லிக்னின் அற்றது’ என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். இரண்டாவது இல்லாதவிடத்து முதலாவது சில ஆண்டுகளுக்கே செல்லும்.

இனி ஒரு பக்கத்தை அமைக்கும் முறையைக் காண்போம். புதியவர்கள் முதலிலே அழகிய தாளையும் அலங்காரப் பொருள்களையும் வாங்கிக் குவித்துவிட்டுப் பின்னர் படம் தேடுவார்கள். அது மாலை தொடுத்துவிட்டு மணமகனைத் தேடுவது போன்றது. படத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்று முதல் மூன்று படங்கள் போதியன. அவற்றுள் ஒன்று மற்றவற்றினும் பெரிதாகவோ தெளிவாகவோ இருத்தல் நன்று. கண் முதலிற் செல்லும் இடம் எதுவென்று செய்பவர் தீர்மானிக்காவிடில், பார்ப்பவரின் கண் பக்கமெங்கும் அலையும். பழைய படமாயின் மூலத்தைக் கத்தரிக்கலாகாது. பிரதியொன்று எடுத்துப் பிரதியைக் கத்தரிக்கலாம். பின்னணியிலே தேவையற்றதெனத் தோன்றும் வேலியும் வாசற்படியும் துவிச்சக்கர வண்டியுமே பின்னாளில் வீட்டாருக்கு அருமையாகத் தோன்றும். படம்பிடித்தவுடன் தானே வெளியே தள்ளும் போலரோயிட் வகைப் படத்தை ஒருபோதும் வெட்டக் கூடாது. அதன் உள்ளே இரசாயனப் படலங்கள் உள்ளன.

தெரிந்தெடுத்த படத்துக்கு அடியிலே, நான்கு புறமும் கால் அங்குலம் வெளித் தெரியுமாறு வேறொரு நிறத் தாளை வைப்பர். நிறத்தைப் படத்திலிருந்தே எடுப்பது நலம். சேலையின் கரை நீலமாயின் அந்நீலம். சுவரின் மங்கிய பச்சையாயின் அப்பச்சை. இந்த ஒரு சட்டத்தாலேயே படம் பின்புலத்திலிருந்து எழுந்து நிற்கும். எல்லாவற்றையும் பசையின்றித் தாளின்மேல் பரப்பி, நகர்த்தி நகர்த்திப் பார்த்து, ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாட் காலையில் மீண்டும் நோக்குபவர்களுக்குப் பிழை தானே தெரியும். ஒட்டுவது கடைசி வேலை.

இறப்பர் முத்திரை இக்கலையிலே தனி இன்பம் தருவது. முத்திரையை மைத்தட்டிலே அழுத்தித் தேய்ப்பதைவிட, மெதுவாகப் பலமுறை தட்டி மை ஏற்றுதல் சிறந்தது. தாளின்மேல் வைத்தபின் நேர்கீழாக அழுத்தி நேர்மேலாக எடுக்கவேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் விளிம்பும் பதிந்து உருவம் கெடும். மையிலும் வேறுபாடு உண்டு. சாயத்தாலான மை விரைவில் உலரும். ஒளிபட்டால் விரைவில் மங்கவும் செய்யும். நிறத்தூளாலான மை மெல்ல உலரும், நெடுங்காலம் நிற்கும். அது ஈரமாயிருக்கும்போது, வெப்பத்தில் உருகும் தூளை அதன்மேல் தூவி, மிகுந்ததைத் தட்டிவிட்டு, வெப்பக்காற்றைக் காட்டினால் தூள் உருகி எழுத்துப் புடைத்துப் பளபளக்கும். பிள்ளைகள் இதனைப் பார்த்து வியப்பார்கள், பெரியோரும் வியப்பதுண்டு. படத்துக்கருகே வெப்பம் காட்டுவது மட்டும் ஆகாது. முத்திரை வேலையைத் தனித்தாளிலே முடித்துப் பின்னரே ஒட்டவேண்டும்.

பொத்தான், ரிப்பன், இருகாற் பித்தளை ஆணி, உலர்ந்த இலை முதலிய அலங்காரப் பொருள்களைப்பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். மூன்று இடங்களில், முக்கோணமாக, ஒரே இனப் பொருளை வைத்தால் பக்கம் ஒருமைப்படும். முப்பது இடங்களில் வைத்தால் அது கடைக்காட்சியாகும். இரும்புப் பொருள் துருவேறும். இலையும் பூவும் பூச்சிக்கு உணவு. தடித்த பொத்தான், ஏடு மூடியிருக்கும்போது எதிர்ப்பக்கத்துப் படத்தின் முகத்திலே குழி பதிக்கும். பாட்டியின் சட்டைப் பொத்தான் ஒன்றெனில் இத்தனை ஆபத்தையும் மேற்கொள்ளலாம். கடையில் வாங்கிய பொத்தானுக்காக மேற்கொள்வது எதற்காக?

ஒட்டுவதற்குக் கூடுமானவரை பசையே வேண்டாம். நான்கு மூலைகளையும் தாங்கும் தாள் மூலைகளைப் பயன்படுத்தினால் படத்தை வேண்டியபோது எடுக்கலாம். பசைதான் வேண்டுமெனில், கோதுமை மாப்பொருளைக் காய்ச்சிய பசை பாதுகாப்பானது. தண்ணீரால் மீண்டும் பிரியும். ஆனால் இலங்கைபோல் வெப்பமும் ஈரலிப்பும் மிக்க நாடுகளிலே மாப்பசைக்குப் பூஞ்சணமும் வெள்ளிப் பூச்சியும் விருந்தாளிகள். இதற்கு மாற்றாகப் புத்தகம் கட்டுவோர் பசையிலே மயில்துத்தம் கலந்து வந்தனர். பூச்சி வராதென்பது மெய். ஆனால் அதிலுள்ள செம்பு தாளின் சிதைவைத் துரிதப்படுத்தும். படமிருக்கும் ஏட்டுக்கு அது ஏற்றதன்று. பத்திரிகைத் துண்டாயின் அதை அமிலமற்ற தாளிலே பிரதி செய்து பிரதியை ஒட்டி, மூலத்தைத் தனி உறையில் வைப்பதே முறை. கடைகளில் வெப்பத்தால் அச்சாகும் பற்றுச்சீட்டும் அவ்வாறே. பிரதி எடுக்காவிடில் சில ஆண்டுகளில் வெறும் தாளாகிவிடும்.

எழுத்தைப்பற்றி இறுதியிற் சொல்வதாயினும் செய்யும்போது அதற்கு இடத்தை முதலிலே ஒதுக்கவேண்டும். ‘இனிய நினைவுகள்’ என்று அச்சான பட்டியை வாங்கி ஒட்டிவிட்டால் எழுதியதாகாது. எவருடைய நினைவு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று அப்பட்டி சொல்லாது. ‘அம்மா’ என்று மட்டும் எழுதினாலும் போதாது. ஐம்பது ஆண்டு கழித்து அந்த அம்மா யாருடைய அம்மா என்று கேட்பார்கள். முழுப்பெயர், இடம், திகதி, பிறகு படத்திலே தெரியாத ஏதாவது ஒன்று: அன்று மழை பெய்தது, அச்சேலை இரவல் வாங்கியது, படமெடுத்தவர் பெரியமாமா, ஆதலால் அவர் படத்தில் இல்லை. கையெழுத்து அழகில்லையென்று கூசுபவர் பலர். தட்டச்சு எழுத்து எல்லார்க்கும் ஒன்றே. ஒருவரின் கோணல் எழுத்து அவர்க்கு மட்டுமே உரியது. மங்காத நிறத்தூள் மையில் எழுதவேண்டும். படத்தின் பின்புறத்தில் எழுதுவதாயின் மென்மையான பென்சிலால், ஓரத்திலே, அழுத்தாமல் எழுதவேண்டும்.

முடிந்த பக்கத்தைப் பொலிபுரோப்பிலீன் உறையிலிட்டு, வளையங்கொண்ட அட்டைக்குள் சேர்ப்பர். மணக்கும் மென் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பிவிசி வகையின; அவை அமில ஆவியை விடுவதால் விலக்கத்தக்கன. ஏட்டைப் பரணிலோ, மழைக்காலத்திற் குளிரும் சுவரோரத்திலோ வைத்தல் ஆகாது. மக்கள் நடமாடும் அறையிலே, வெயில் படாத அலுமாரியிலே நேராக நிறுத்தி வைத்து, ஆண்டுக்கு இருமுறையாவது வெளியே எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடுவர். அவ்வேளை வீட்டிலுள்ள மூத்தோரை அருகில் இருத்திக்கொண்டால், பெயர் எழுதாது விடப்பட்ட முகங்களுக்கும் பெயர் கிடைக்கும்.