ஊசிமுனையும் கண்பார்வையும்
(கூட்டமைப்பின் ஆரி வேலைப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குழுக்களில் ஆரி வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். நாற்பது வயதுக்கு மேல் ஆள் குறைந்துகொண்டே வரும். கேட்டால், "கை வருதுக்கா, கண்ணுதான் வரல. சுகர் பீட்ஸ் எடுத்தா ரெண்டு ரெண்டாத் தெரியுது. மகளிடம் கொடுத்துட்டேன்" என்பார்கள். பத்து வருஷம் பழகிய கை அது. அந்தக் கை சும்மா இருக்க, நேற்றுப் பழகிய பிள்ளை பட்டு ரவிக்கையை இழுத்து வைக்கிறாள். இதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட நமக்கு மனசில்லை.

நாற்பதை ஒட்டிக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைக்க ஆரம்பிக்கும். தூரத்தில் வருகிற பஸ்ஸின் பலகையைப் படித்துவிடுவோம், கையில் இருக்கிற ஊசிக் காது தெரியாது. இதை வெள்ளெழுத்து என்பார்கள். இது எல்லோருக்கும் வருவது, கண்ணாடி போட்டால் சரியாகிற விஷயம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிட்டப் பார்க்கிற கண்ணாடி கொடுத்துச் சோதித்தார்கள். 2018-ல் வெளிவந்த அந்த ஆய்வில், கண்ணாடி போட்டவர்கள் பறிக்கும் அளவு, போடாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியிருந்தது. வங்காளதேசத்துக் கிராமங்களில் இதே மாதிரி செய்து 2024-ல் வெளியிட்டார்கள். எட்டு மாதத்தில் வருமானம் 33 சதவீதம் அளவுக்குக் கூடுதல். கொழுந்து பறிப்பதற்கே இப்படி என்றால், மணி கோக்கிற நமக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"கண்ணாடி போட்டா கிழவின்னு சொல்வாங்க" என்று ஒரு கூச்சம் இருக்கிறது. சொல்கிறவர்கள் நம் தவணையைக் கட்டப் போவதில்லை!

கண்ணாடி எடுக்கும்போது டாக்டரிடம் "புத்தகம் படிக்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலைச் சட்டத்துக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று வீட்டிலேயே டேப்பால் அளந்துகொண்டு போங்கள். பிளஸ் 2 கண்ணாடிக்கு அரை மீட்டர், பிளஸ் 3-க்கு 33 சென்டிமீட்டர் என்று பவர் கூடக் கூடத் தெளிவு கிட்டே வந்துவிடும். தேவைக்கு மேல் பவர் எடுத்தால் குனிந்து குனிந்து கழுத்து போய்விடும். சந்தையில் விற்கிற கண்ணாடி அவசரத்துக்குச் சரி. ஆனால் சர்க்கரை நோயோ கண்ணில் நீர் அழுத்தமோ இருந்தால் அது கண்டுபிடிக்காது. கண் முகாம் வரும்போது பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறோம். கூரையில் ஒரு பல்பு, கீழே தரையில் நாம். நம் தலை நிழலே துணிமேல் விழும். பல்பு ஆறடி உயரத்தில் இருப்பதை ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்தால், தூரம் நாலில் ஒரு பங்கு. துணிமேல் விழுகிற வெளிச்சமோ பதினாறு மடங்கு! பல்பை மாற்றவே வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். மூடி வைத்த கிளிப் விளக்கு ஒன்று, 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று. தினம் நாலு மணி நேரம் எரித்தாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும்.

வலது கைக்காரர்கள் விளக்கை இடது பக்கம் முன்னால் வையுங்கள், இடது கைக்காரர்கள் மாற்றி வையுங்கள். ஜமிக்கி, கல் வைக்கிற வேலையில் பளபளப்பு கண்ணில் அடிக்கும். அப்போது விளக்கைத் தணிக்காதீர்கள், கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். அடுத்த வீட்டு டி.வி. சத்தம் மாதிரிதான் அது, நாம்தான் தள்ளி உட்காரணும். கறுப்பு, கருநீலத் துணி வெளிச்சத்தை விழுங்கும். அதைப் பகலில் திண்ணையில், நேர் வெயில் படாமல் முடித்துவிட்டு, வெளிர் நிறத் துணியை ராத்திரிக்கு வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி ஆர்டருக்குக் கூடுதல் கூலி கேட்பதும் நல்லது, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

பூதக்கண்ணாடி விளக்கு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். முதலில் கண்ணாடி, பிறகு விளக்கு, அதற்கும் பிறகுதான் அது. பெரிதாகக் காட்டக் காட்ட, தெரிகிற இடம் சுருங்கும். ஒரு பூ தெரியும், கொடி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது. 3 டயாப்டர் என்று கேட்டு வாங்குங்கள், ஒன்றே முக்கால் மடங்கு காட்டும், ஊசி பிடிக்கக் கீழே இடமும் இருக்கும். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். ஜன்னல் வெயில் அந்த லென்ஸ் வழியாக விழுந்தால் பட்டு பொசுங்கிவிடும்.

மரப்பலகையில் எழுத்தும் கொலு அலங்காரமும் அறுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நூல் மாதிரி பிளேடு மேலும் கீழும் ஓடுகிற அந்த மெஷினுக்கு ஒரே விளக்கு வைத்தால் பிளேடின் நிழல் கோட்டை மறைக்கும். இரண்டு பக்கமும் விளக்கு வேண்டும். மலிவு எல்.இ.டி. சில, கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டும். அந்த வெளிச்சத்தில் ஓடுகிற பிளேடு நிற்பது போலவே தோன்றலாம், விரல் போய்விடும். செல்போன் கேமராவில் விளக்கைப் பாருங்கள். வரி வரியாக ஓடினால் அந்தப் பல்பு மெஷின் பக்கம் வேண்டாம். படிக்கிற கண்ணாடி தூளையும் தெறிப்பையும் தடுக்காது, அதன்மேல் பாதுகாப்புக் கண்ணாடியும் போடணும்.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தலைநிமிர்ந்து, இருபதடி தள்ளி இருக்கிற வேப்பமரத்தையோ மாட்டையோ இருபது நொடி பாருங்கள். உற்றுப் பார்க்கையில் கண் சிமிட்ட மறந்துவிடுகிறோம். எரிச்சலுக்கும் தலைவலிக்கும் பாதிக் காரணம் அதுதான்.

கடைசியாகக் குழுவுக்கு. கண்ணாடிக்கும் விளக்குக்கும் உள்கடன் கேட்டால், சில குழுக்களில் அதைச் சொந்தச் செலவு என்று தள்ளுகிறார்கள். தையல் மெஷினுக்குக் கொடுப்பது தொழில் கடன் என்றால், இதுவும் தொழில் கடன்தான். ஊக்குநரும் பிரதிநிதியும் அடுத்த கூட்டத்தில் இதை வைத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆரி வேலையை விட்டுவிட்ட உறுப்பினர்களின் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இதே சட்டத்தில், மேலே இருக்கிற டியூப் லைட்டில் பத்து மணி, கிளிப் விளக்கில் பத்து மணி கோத்துப் பார்க்கலாம். கண்ணாடி வைத்திருக்கிறவர்கள் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.