பிள்ளை வாசிக்கட்டும், நாம் கேட்போம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தொடக்கப்பள்ளியில் 32 ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஆனால் ஆசிரியனாக அல்ல, தவறு செய்த ஒரு தகப்பனாகவே இன்று பேச விரும்புகிறேன்.

என் மூத்த மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, மாலைதோறும் என்முன் நின்று பாடம் வாசிப்பான். 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்பான், தலையில் குட்டுவேன். சில வாரங்களில் தடுமாறாமல் வாசிக்கத் தொடங்கினான். குட்டு வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். ஒருநாள் அவன் தாய், பாடத்தின் நடுவே ஒரு சொல்லில் விரல் வைத்து, "இது என்னடா ராசா?" என்று கேட்டாள். பையன் விழித்தான். பாடம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறான்! ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நான், என் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்பதை அறியாதிருந்தேன்.

அன்றுமுதல் அந்தப் பொறுப்பை அவள் ஏற்றுக்கொண்டாள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். செபமாலை முடிந்ததும் பையனைப் பக்கத்தில் உட்கார வைப்பாள். அவன் வாசிப்பான், அவள் கேட்பாள். திணறினால் சற்றுப் பொறுப்பாள். பிறகு 'கு-தி-ரை' என்று கூட்டச் சொல்வாள். பிழை வந்தால் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து, "இன்னொரு தடவை பாரு" என்பாள். முடிவில், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கதை கேட்பாள். பத்தே நிமிடந்தான். ஆனால் ஒருநாளும் தவறியதில்லை.

பெற்றோர்களே, தமிழில் எழுத்துகள் 247. ல, ள, ழ என்பவற்றிலும், ர, ற என்பவற்றிலும் பிள்ளைகள் தடுமாறுவது இயல்பு, அது குற்றமன்று. பயந்த பிள்ளை பிழையை மறைக்கும். பயமற்ற பிள்ளை பிழையைத் திருத்திக்கொள்ளும்.

"எங்களுக்கே படிக்கத் தெரியாதே" என்று தாய்மார்கள் சிலர் வருந்துகிறீர்கள். கேட்பதற்குப் படிப்பு வேண்டாம், காது போதும். பேருந்துப் பலகையையும் மளிகைப் பொட்டலத்தையும் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். நாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டே "படி, படி" என்று சொன்னால் மட்டும் எந்தப் பிள்ளையும் படிக்காது.

புத்தகம் வாங்கப் பணமில்லையா? நம் மாநிலத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். ஆகவே நூலகம் நம்முடையது. பிள்ளையைக் கைப்பிடித்து அங்கே அழைத்துச் செல்லுங்கள். பிடித்த புத்தகத்தை அதுவே எடுக்கட்டும்.

என் மனைவி இன்று உயிரோடு இல்லை. எனக்கும் பார்வை மங்கிவிட்டது. நாள்தோறும் காலையில் எனக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுபவன் அந்த மகன்தான். நான் குறுக்கிடாமல் கேட்கிறேன். அன்றே செய்திருக்க வேண்டியதை இன்று செய்கிறேன்.

நீங்கள் இன்று இரவே தொடங்குங்கள்.